கினிப்பன்றிக்கு ஏற்ற உலர்புல்லும் குச்சித்தீவனமும்

தெமோதரைப் பகுதியில் தேயிலை மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலங்களில் நெல்வயல்களும், சரிவுகளில் மரக்கறித் தோட்டங்களும் அமைந்துள்ளன. போகம் முடிந்து சூடு மிதித்ததும் வீட்டுக்கு அருகே வைக்கோற்போர் எழுகின்றது. வைக்கோல் உள்ள வீட்டில் புல் தின்னும் பிராணிக்குத் தீவனப் பஞ்சம் இல்லை என்று எண்ணுதல் கமக்காரர்க்கு இயல்பே. மாடுகளைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், வீட்டுச் சிறுவர்கள் ஆசையோடு வளர்க்கும் கினிப்பன்றிக்கு இது பொருந்தாது. நாள்தோறும் வைக்கோல் நிறைய இடப்பட்ட கூட்டிலேயே அச்சிறுபிராணி மெலிந்து இறந்துபோகக்கூடும்.

இவ்விழப்பைத் தவிர்த்தல் கடினமன்று. நல்ல உலர்புல் எது, நல்ல குச்சித்தீவனம் எது என்பதைக் கண்டு தெரிந்தெடுக்கப் பழகினாற் போதும். நெல்லின் ஈரத்தைப் பல்லாற் கடித்து மதிப்பிடவும், விதையின் தரத்தை உள்ளங்கையில் வைத்து அறியவும் வல்ல கமக்காரர்க்கு இத்தெரிவு எளிதிற் கைவரும்.

பிராணியின் இயல்பு

கினிப்பன்றி, பெயரளவிலேயே பன்றி. உண்மையில் அது எலி, அணில் முதலிய கொறிக்கும் பிராணிகளின் இனத்தைச் சார்ந்தது. ஆபிரிக்காவின் கினி நாட்டோடும் அதற்குத் தொடர்பில்லை. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாடுகளில் ஆதிக்குடிகள் அதனைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பழக்கி வளர்த்தனர். பெரு, பொலிவியா முதலிய நாடுகளில் இன்றும் அது இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றது. நம் நாட்டில் அது செல்லப்பிராணியாகவே வளர்க்கப்படுகின்றது.

தீவனத்தைத் தெரியுமுன் இப்பிராணியின் மூன்று இயல்புகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, அதன் முன்பற்களும் கடைவாய்ப்பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நீண்ட நார்கொண்ட புல்லை இடைவிடாது அரைப்பதாலேயே அவை தேய்ந்து அளவாக நிற்கின்றன. நார் குறைந்த தீவனத்தை உண்ணும் பிராணியின் பற்கள் மிகையாக வளர்ந்து, வாயை மூடவும் இரையை மெல்லவும் இயலாமற் செய்துவிடும்.

இரண்டாவது, அதன் குடலின் பிற்பகுதியிலுள்ள பெரிய பையில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்கின்றன. இவ்வேலை நடைபெறுவதற்குக் குடலில் எந்நேரமும் நார் இருத்தல் அவசியம். ஒரு நாள் பட்டினியும் இதற்கு ஆபத்தாகும்.

மூன்றாவது, மனிதரைப் போலவே கினிப்பன்றியும் விற்றமின் சீயைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. மாடு, ஆடு, முயல் ஆகியவை இச்சத்தைத் தாமே ஆக்கிக்கொள்வன. ஆதலால் முயலுக்குப் போதுமான தீவனம் கினிப்பன்றிக்குப் போதாமற் போகின்றது.

வைக்கோல் வேறு, உலர்புல் வேறு

வைக்கோல் என்பது கதிர் முற்றி, சத்தெல்லாம் நெல்மணிக்குச் சென்ற பின் எஞ்சும் தண்டும் தாளுமாகும். அதில் புரதம் 4 சதவீத அளவே உள்ளது. சிலிக்கா என்னும் மணற்சத்து அதில் மிகுதி; கல்சியமும் பொசுபரசும் குறைவு. நான்கறை வயிறு படைத்து அசைபோடும் மாடே வைக்கோலை மட்டும் உண்டு பால் சுரக்க மாட்டாது. அவ்வாறிருக்க, ஒரு கிலோகிராம் நிறையுள்ள சிறுபிராணி அதனால் உயிர்வாழும் என எதிர்பார்த்தல் தவறாகும்.

உலர்புல் என்பது பூக்குமுன் இளம்பருவத்தில் அறுத்து, பச்சை நிறமும் மணமும் கெடாது உலர்த்திய புல். இலையிலுள்ள சத்து தண்டுக்கும் விதைக்கும் போகுமுன் அறுக்கப்படுவதே அதன் சிறப்பு. வைக்கோலைக் கூட்டில் படுக்கையாக இடலாம். உணவாக இடுதல் கூடாது. படுக்கையாக இடும் வைக்கோலும் காய்ந்ததாய், தூசியும் பூஞ்சணமும் அற்றதாய் இருத்தல் வேண்டும்.

1980களில் வைக்கோலை யூரியா நீரால் பதப்படுத்தி மாடுகளுக்கு ஊட்டும் முறை இலங்கையில் ஆராயப்பட்டுக் கமக்காரரிடையே பரப்பப்பட்டது. அது அசைபோடும் பிராணிகளுக்கே உரியது. அவ்வாறு பதப்படுத்திய வைக்கோலைக் கினிப்பன்றியின் கூட்டில் படுக்கையாகவும் இடலாகாது.

எப்புல்லைத் தெரிவது

மேல்நாடுகளில் தீமோதிப் புல் என்னும் குளிர்நாட்டுப் புல்லின் உலர்புல்லே கினிப்பன்றிக்குப் பெரிதும் வழங்கப்படுகின்றது. நகரக் கடைகளில் பொதிகளாக விற்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே. இறக்குமதிப் பொருளாதலால் அதன் விலை அதிகம். நிலமுள்ள கமக்காரர் அதனை வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை.

பாதையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தானே வளரும் கினிப்புல் இதற்கு நன்கு உகந்தது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் கினிப்பன்றி வளர்ப்போர் இப்புல்லையே முதன்மைத் தீவனமாக இடுகின்றனர். மலைநாட்டில் படர்ந்து வளரும் கிக்கியூப் புல்லும் ஏற்றதே. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு, நம் நாட்டு மாட்டுப்பண்ணைகளில் பரவிய கோ-3 என்னும் கலப்பு நேப்பியர் புல்லின் இலையை உலர்த்தி இடலாம். அதன் தடித்த தண்டு எளிதில் உலராது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே தண்டை மாட்டுக்கு விட்டு, இலையை மட்டும் எடுத்தல் நன்று. ஒரே புல்லை எந்நாளும் இடாது, இரண்டு மூன்று வகைகளைக் கலந்து இடுதல் சிறந்தது.

விலக்க வேண்டியவையும் உள. ஊவாவின் பத்தனை நிலங்களில் நிறைந்துள்ள மானாப்புல் வாசனை எண்ணெய் கொண்டது. முற்றினால் மாடும் அதனை விரும்பாது. அது தீவனமாகாது. பத்தனையில் புல் அறுக்கும்போது பன்னமும் உண்ணிச்செடியும் கலந்துவிடுதல் உண்டு, இவ்விரண்டும் நஞ்சுடையவை. உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் இலையும் தண்டும் அத்தகையனவே.

கிளிரிசீடியாவைப் பற்றித் தனியே கூறுதல் அவசியம். தேயிலைத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் வளரும் இம்மரத்தின் தழையை மாடும் ஆடும் உண்டு பயன்பெறுகின்றன. ஆனால் அதன் இலத்தீன் பெயரின் பொருளே ‘எலிகொல்லி’ என்பதாகும். மத்திய அமெரிக்க நாடுகளில் அதன் பட்டையையும் இலையையும் தானியத்தோடு கலந்து எலிகளைக் கொல்லப் பயன்படுத்தினர். கினிப்பன்றியும் கொறிக்கும் இனமே. ஆட்டுக்கு வெட்டிய தழையில் ஒரு கொத்தை அதன் கூட்டில் இடும் வழக்கம் எவ்வீட்டிலேனும் இருப்பின், அதனை உடனே நிறுத்துதல் வேண்டும்.

தேயிலை வரிசைகளுக்கு இடையிலும் வயல்வரம்பிலும் அறுக்கும் புல்லில் களைக்கொல்லியோ பூச்சிகொல்லியோ படிந்திருக்கலாம். எப்போது, எம்மருந்து தெளிக்கப்பட்டது என்பது தெரியாத இடத்துப் புல்லை எக்காரணங்கொண்டும் எடுக்கலாகாது.

உலர்புல்லைச் சோதிக்கும் முறை

கடையில் வாங்கினும், வீட்டில் உலர்த்தினும், பின்வரும் சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும்.

1. நிறம்: நல்ல உலர்புல் வெளிறிய பச்சையாய் இருக்கும். மஞ்சளாய் வெளுத்தது அதிக வெயிலில் காய்ந்தது. அதில் விற்றமின் ஏயாக மாறும் சத்து அழிந்திருக்கும். கபில நிறம் மழையில் நனைந்ததைக் காட்டும். கருமையோ வெண்பொடியோ காணப்படின் அது பூஞ்சணம் பிடித்தது.

2. மணம்: புது நெல்லும் தேயிலைக் கொழுந்து வாடும் அறையும் போல இனிய மணம் இருத்தல் வேண்டும். புளித்த வாடையோ, மக்கிய வாடையோ வீசினால் அதனை உரக்குழியில் இடலாம், கூட்டில் இடலாகாது.

3. இலை: ஒரு பிடி புல்லில் இலை மிகுந்தும் தண்டு குறைந்தும் இருத்தல் நன்று. பூங்கதிரும் கூரிய விதையும் நிறைந்த புல் முற்றியது. அதன் கூர்முனைகள் பிராணியின் வாயிலும் கண்ணிலும் தைக்கும்.

4. தூசி: ஒரு பிடியை வெயிலொளியில் உதறிப் பார்த்தல் வேண்டும். புகைபோலத் தூசி எழுமாயின் அது பிராணியின் சுவாசப்பைக்குக் கேடு. கூட்டைச் சுத்தஞ் செய்யும் சிறுவருக்கும் கேடு.

5. ஈரம்: தண்டை முறுக்கினால் ஒடிதல் வேண்டும்; நார்போல வளைந்தால் ஈரம் உண்டு. ஐயமெனில், நறுக்கிய புல்லில் ஒரு பிடியை உலர்ந்த போத்தலில் இட்டு, நன்கு காய்ந்த தூள் உப்பு ஒரு கரண்டி சேர்த்து மூடிச் சில நிமிடங்கள் குலுக்கல் வேண்டும். உப்பு கட்டியாகினாலோ, போத்தலில் ஒட்டினாலோ ஈரம் 15 சதவீதத்துக்கு மேற்பட்டது எனக் கொள்ளலாம். அப்புல்லை மீண்டும் உலர்த்திய பின்னரே சேமித்தல் வேண்டும்.

ஊவாக் காற்றின் உதவி

தென்மேற் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் குறைந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற நறுமணத்தைத் தருகின்றது. அதே காற்று, செலவெதுவுமின்றி உலர்புல்லும் செய்து தரும்.

காலையில் பனி நீங்கிய பின் புல்லை அறுத்து, படங்கின் மீதோ மரத்தட்டின் மீதோ நாலு விரல் உயரத்துக்கு மேற்படாமற் பரப்பல் வேண்டும். முதல் நாள் சில மணிநேரம் வெயிலில் வாடவிட்டு, பின்னர் காற்றோட்டமுள்ள நிழலுக்கு மாற்றி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை புரட்டிவிடல் வேண்டும். இரவில் பனி படாது மூடல் அவசியம். இளம்புல் மூன்று நான்கு நாட்களில் உலர்ந்துவிடும். பச்சைப்புல்லில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீரே உள்ளதால், ஏறக்குறைய 4 கிலோகிராம் பச்சைப்புல்லிலிருந்து 1 கிலோகிராம் உலர்புல் கிடைக்கும்.

பதுளைப் பகுதியில் ஒக்டோபர் தொடங்கி சனவரி வரை பெய்யும் மழையில் புல் உலர்த்தல் அரிது. அந்நான்கு மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே சேமித்தல் அறிவுடைமை. வளர்ந்த கினிப்பன்றிகள் இரண்டுக்கு, சிந்துவது உட்பட நாளொன்றுக்கு 150 கிராம் உலர்புல் வேண்டுமெனக் கொண்டால், 120 நாட்களுக்கு 18 கிலோகிராம் போதும். இதற்கு ஏறத்தாழ 72 கிலோகிராம் பச்சைப்புல் அறுத்தல் வேண்டும். கோடையில் ஓரிரு நாட்கள் செலவிட்டால் இது முடியும்.

சேமிக்கும் இடம் காற்றோட்டமாயும் இருளாயும் இருத்தல் நன்று. பொலித்தீன் பையில் அடைத்தால் புல் வியர்த்துக் கெடும், கோணிச்சாக்கே ஏற்றது. சாக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காது, பலகையின் மேல் உயர்த்தி வைத்தல் வேண்டும். எலி புகாதவாறு காத்தல் மிக அவசியம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதை வயலில் இறங்கும் கமக்காரர் அனைவரும் அறிவர். அச்சிறுநீர் பட்ட புல் பிராணிக்கும் அதனைத் தொடும் சிறுவருக்கும் தீங்கு தரும்.

குச்சித்தீவனம் தெரிதல்

கடைகளில் ‘பெலட்’ எனப்படும் குச்சித்தீவனம் உலர்புல்லுக்கு மாற்று அன்று. அதற்குத் துணை மட்டுமே. வளர்ந்த பிராணி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு போதும். அதற்கு மேல் இட்டால் பிராணி புல்லை ஒதுக்கிவிட்டுத் தீவனத்தையே உண்டு கொழுக்கும். பற்களும் தேயாது வளரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு. பொதியின் மேல் அது கினிப்பன்றிக்கு உரியதெனக் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். சேர்பொருட் பட்டியலில் உலர்புல் முதலிடம் பெறுதல் நன்று. புரதம் 16 முதல் 18 சதவீதம் வரை இருக்கலாம். விற்றமின் சீ சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். வண்ணக் குறுணைகளும் விதைகளும் உலர்பழங்களும் கலந்த தீவனம் கண்ணுக்கு அழகாயிருப்பினும், பிராணி இனிப்பானவற்றைப் பொறுக்கித் தின்று மற்றையதை விட்டுவிடும். ஒரே நிறமும் ஒரே வடிவும் உடைய, கையில் உதிராத குச்சிகளே நல்லவை. பையின் அடியில் தூள் மிகுந்திருப்பின் அது பழையதென அறியலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது திகதி. தீவனத்திற் சேர்த்த விற்றமின் சீ வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஒளியாலும் அழிவது. சாதாரணமாக, உற்பத்தித் திகதியிலிருந்து 90 நாட்களுக்குள் தீவனத்தை முடித்தல் நன்று எனக் கூறப்படுகின்றது. சாக்கிலிருந்து அள்ளி நிறுத்து விற்கும் தீவனத்தின் வயதை எவரும் அறியார். இரண்டு பிராணிகளுக்கு மாதமொன்றுக்கு 1 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவே தேவைப்படுவதால், விலை மலிவென்று பெரிய மூடையை வாங்குதல் இலாபமன்று.

வீட்டில் வேறு பிராணிகளுக்கென வைத்துள்ள தீவனத்தை இடுதல் பெருந்தவறு. முட்டைக்கோழித் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகக் கல்சியம் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. அது கினிப்பன்றியின் சிறுநீர்ப்பையில் கல் உண்டாக்கும். குஞ்சுத் தீவனத்தில் கழிச்சல் நோய்க்கான மருந்து கலந்திருக்கலாம். அம்மருந்துகளுட் சில கோழிக்கு நன்மையும் பிற பிராணிகளுக்கு நஞ்சுமாகும். மாட்டுத் தீவனத்தில் யூரியா சேர்ந்திருக்கலாம். முயல் தீவனம் இவற்றைவிட நன்று. எனினும் அதில் விற்றமின் சீ இராது. வேறு வழியின்றி அதனை இடுவோர் நாள்தோறும் பச்சை மரக்கறி தவறாது கொடுத்தல் வேண்டும்.

விற்றமின் சீயின் வரலாறு

1907ஆம் ஆண்டு நோர்வே நாட்டில் ஒல்சுட்டு, புரோலிக்கு என்னும் ஆய்வாளர் இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் ஊட்டிச் சோதித்தனர். பெரிபெரி நோயை ஆராய்வதே அவர்கள் நோக்கம். ஆயின், கினிப்பன்றிகளுக்குப் பெரிபெரி வரவில்லை. மாலுமிகளை வாட்டிய ஈறு கரையும் நோயாகிய ஸ்கேவி வந்தது. கோவா போன்ற புதிய இலையுணவு சேர்த்ததும் அந்நோய் விலகிற்று. விற்றமின் சீ என்னும் சத்து உண்டென்று உலகம் அறிவதற்கு இச்சிறுபிராணியே வழிகாட்டிற்று. பின்னர், 1930களில் அங்கேரிய அறிஞர் சென்று-கியோர்கி இச்சத்தை மிளகாயினத்திலிருந்து பெருமளவிற் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாறு மரக்கறி செய்வோருக்கு ஒரு பயனுள்ள செய்தியைத் தருகின்றது. புல்லை உலர்த்தும்போது விற்றமின் சீ ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடுகின்றது. தீவனப் பையிலும் அது நாளுக்கு நாள் குறைகின்றது. ஆகவே, மிகச் சிறந்த உலர்புல்லும் தீவனமும் இருப்பினும், தோட்டத்திலிருந்து ஒரு பிடி பச்சை நாள்தோறும் வேண்டும். 1 கிலோகிராம் நிறையுள்ள பிராணிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை விற்றமின் சீ தேவை. சினைப்பட்டவற்றுக்கு மேலெல்லை அளவு வேண்டும். வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் கறிமிளகாயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் உண்டு. எனவே 25 கிராம் துண்டொன்று, விதை நீக்கிக் கொடுத்தால், ஒரு நாளைக்குப் போதுமானது. கொய்யாப்பழத்தில் இச்சத்து இன்னும் மிகுதி. இனிப்பானதாகையால் சிறு துண்டே கொடுத்தல் வேண்டும். மரக்கறிக்கு மருந்து தெளித்திருப்பின், போத்தலிற் குறித்த இடைவெளி நாட்கள் கழிந்த பின்னரே பறித்து, நன்கு கழுவிக் கொடுத்தல் அவசியம்.

ஆபத்தின் அறிகுறிகள்

விற்றமின் சீ குறைந்தால் சில வாரங்களில் மயிர் சிலிர்த்து, மூட்டு வீங்கி, பிராணி நடக்க மறுக்கும். பல் வளர்ந்தால் உணவை நாடி வந்தும் உண்ணாது திரும்பும், வாயோரம் நனைந்திருக்கும். பூஞ்சணத்தால் தும்மலும் கழிச்சலும் காணும். அரை நாளுக்கு மேல் உண்ணாதிருந்தாலோ, எச்சம் சிறுத்தாலோ, காத்திராது அரச கால்நடை வைத்தியரை நாடல் வேண்டும். மனிதருக்கென வீட்டில் வைத்துள்ள மருந்தைக் கொடுத்தல் கூடாது. பெனிசிலின் இன மருந்துகள் கினிப்பன்றியின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே போக்கிவிடும்.

நோயை மறைத்து நடமாடுவது இப்பிராணியின் இயல்பாகும். நோய் வெளிப்படும் வேளையில் காலம் கடந்திருக்கும். ஆதலால் வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பார்த்து எழுதி வைத்தல் நன்று. சமையலறைத் தராசே இதற்குப் போதும். இவ்வேலையைச் சிறுவரிடமே ஒப்படைக்கலாம்.

முடிவுரை

சுருங்கக் கூறின், உலர்புல் எந்நேரமும் கூட்டில் இருத்தல் வேண்டும். குச்சித்தீவனம் அளவோடும் புதிதாயும் இருத்தல் வேண்டும். பச்சை மரக்கறி நாள்தோறும் தவறலாகாது. சுத்தமான நீர் எப்போதும் வேண்டும். வைக்கோல் படுக்கைக்கே உரியது. தீவனத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாது, ஒரு வார காலத்திற் சிறிது சிறிதாக மாற்றல் வேண்டும்.

புல்லும் மரக்கறியும் நிலத்திற் கிடைக்க, காற்றும் வெயிலும் ஊவா மலைகள் தர, கமக்காரர் வீட்டுக் கினிப்பன்றிக்குக் குறையொன்றும் நேர வேண்டியதில்லை. எதிர்வரும் யூலை மாதத்தில் வேலியோரத்துக் கினிப்புல் பூக்குமுன் அறுத்து, ஒரு சாக்கு உலர்த்தி வைப்போர், அடைமழைக் காலத்திற் கவலையின்றி இருக்கலாம்.